பரிமளா வீட்டு வாசக்கால்

திண்டிவனத்தில் இப்போது எல்லோருக்கும் ஹெரிடேஜ் வேண்டும். தாத்தா கட்டிய வீட்டை ஜேசிபி வைத்து இடித்துத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் கான்கிரீட் பெட்டி ஒன்றைக் கட்டி, அதற்குள் பல வருஷம் புழுங்கிவிட்டு, கடைசியில் என் முன்னால் வந்து உட்கார்ந்து, "மேடம், கொஞ்சம் அந்தக் கால டச் குடுங்க" என்பார்கள். மரத்தூண் வேண்டும். பூப்போட்ட தரைக்கல் வேண்டும். பித்தளைக் குமிழ் அடித்த கதவு வேண்டும். அத்தனையும் இன்னொருத்தர் இடித்த வீட்டிலிருந்து வர வேண்டும். நான் சாப்பிடுவது இந்தத் தொழிலில்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டு அளவு எடுப்பேன். ஆனால் மனசுக்குள் திட்டாமல் ஒரு நாளும் டேப்பைச் சுருட்டியது கிடையாது.

மயிலம் போகிற ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். 'கலையரசி, இன்டீரியர் டிசைனர்' என்று போர்டு தொங்குகிறது. ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கிற கடை என்று நினைத்துத் துணியோடு மாடி ஏறி வருவார்கள். அவர்களையும் திட்டுவேன்.

ராஜசேகர் துணியோடு வரவில்லை, போட்டோவோடு வந்தார். மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர், வேர்க்கடலை மொத்த வியாபாரம், நல்ல வசதி. எண்பதுகளில் அவர் அப்பா கட்டிய தளம் போட்ட வீடு, உள்ளே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார். பாண்டிச்சேரியில் ஏதோ ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறார். அந்த ஹோட்டல் வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இதே மாதிரி கதவு மேடம். வூட்டுக்கு வர்றவன் வாசல்லியே ஆடிப் போயிடணும்."

ஆட்டிவிடலாம் என்றேன்.

வீட்டைப் பார்க்கப் போன அன்றுதான் பரிமளாவைப் பார்த்தேன். ராஜசேகரின் மனைவி. நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, நடையில் சத்தமே இருக்காது. கணவர் கையை ஆட்டி ஆட்டி ஒவ்வொரு அறையாகக் கற்பனை செய்துகொண்டு வர, இவள் பின்னால் காபி டம்ளரோடு வந்தாள். வீட்டில் அதிக நேரம் நிற்கப் போகிறவள் பெண்பிள்ளைதானே என்று, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவளிடம் கேட்டேன். கேட்டதற்கே ஆச்சரியப்பட்டாள்.

"சாமி ரூம் கதவத் தொறந்தா சிங்க்ல கெடக்கிற பாத்திரம் தெரியுது மேடம். அது தெரியாம இருந்தா போதும்."

அன்று அந்த வீட்டில் பேசப்பட்டதில் புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

மாமியார் குப்பம்மாளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. பழைய கதவு என்ற பேச்சு வந்ததுமே கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டார். "இடிச்ச வூட்டு வாசக்கால எவனாவது குடியிருக்கிற வூட்டுக்குக் கொண்டாருவானாடா? எந்தக் குடும்பம் இன்னா கெதியாப் போச்சோ, அந்தப் பாவத்தையெல்லாம் நடுவாசல்ல கொண்டாந்து நிக்க வெப்பியா?" என்றார். வாசக்கால் என்றால் கதவு நிலை. நாலு பக்கமும் மரம், கீழே தாண்டிப் போகும் படியும் அதிலேயே சேர்த்தி. அதை வைப்பதற்கே தனியாக நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் துணி கட்டி, பூஜை போடுவோம். அப்படிப்பட்டதைப் பழசு வாங்கி வைப்பதா என்பது அவர் நியாயம். ராஜசேகர் சிரித்தார். "அம்மா, அது ஹெரிடேஜ்மா" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்து இந்த ஊரில் எந்தக் கிழவியின் வாயையும் அடைத்துவிடலாம்.

பழைய மரச்சாமானுக்கு நான் போவது கிளியனூர் பக்கம், பாண்டி ரோட்டில் சவுரிராயன் வைத்திருக்கும் செட்டுக்கு. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பழைய வீடு இடிந்தாலும் தூண், உத்தரம், ஜன்னல் எல்லாம் லாரி ஏறி அங்கேதான் வந்து சேரும். இரட்டைக் கதவு ஒன்று நிலையோடு வந்திருக்கிறது, நல்ல தேக்கு என்று போன் செய்தார். போய்ப் பார்த்தேன். அருமையான சரக்கு. அலங்காரம் அதிகம் இல்லை, மேல் சட்டத்தில் ஒரு வரிசை தாமரை மொட்டு மட்டும். செய்தவன் பீற்றிக்கொள்ளாமல் செய்திருந்தான். வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துச் சரி என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது ஐப்பசி மாதம், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால். ராஜசேகருக்கு மண்டியில் ஏதோ பேஜாரு, வர முடியவில்லை. "பரிமளாவ அழைச்சிக்கினு போங்க. ஆனா முடிவு நீங்க பண்ணுங்க" என்றார். அவளும் நானும் என் காரில் போனோம். போகும்போது சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். பிறந்த ஊர் வளவனூருக்குப் பக்கத்துக் கிராமம். அண்ணன் அப்பாதுரை விழுப்புரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார், தம்பி அரிபிரசாத்தும் விழுப்புரத்தில்தான், பைனான்ஸ் கம்பெனி வேலை. அம்மா காசியம்மாள் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகு ஊர் வீடு பூட்டியே கிடக்கிறதாம்.

"போன வருஷம் அம்மா தெவசத்துக்குப் போனது மேடம். அப்புறம் போவவே முடியல. கூரை ஒழுவுது, செவுரு ஊறிப்போய் கெடக்குது, ரிப்பேர் பண்றோம், இப்ப வராதன்னு அண்ணன் சொல்லிக்கினே இருக்குது."

செட்டில் சவுரிராயன் கதவைச் சுவரோடு சாய்த்து, தூசி தட்டி வைத்திருந்தார். நான் தாமரை மொட்டைக் காட்டினேன். மரத்தின் ரேகையைக் காட்டினேன். பாலிஷ் போட்டால் எப்படி எழும்பும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் எதையும் பார்க்கவில்லை. நிலையின் கீழ்ப்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை அந்தப் படிமேல் வைத்து இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு இழுத்தாள். வலது மூலையில் வேறு மரத்துண்டு ஒன்று ஒட்டுப் போட்டிருந்தது. அங்கே போய்க் கை நின்றது.

"இது பூவரசு" என்றாள். "கரையான் அரிச்சிடுச்சின்னு அப்பா வெட்டி எடுத்துட்டு, எங்க கொல்லையில இருந்த பூவரச மரத்த அறுத்து ஒட்டுப் போட்டாரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்த வீட்டில் என்று கேட்டேன்.

"எங்கூட்ல. இது எங்கூட்டு வாசக்கால் மேடம்."

பழைய கதவுகள் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும் பரிமளா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வயதுக்கு வந்ததிலிருந்து கல்யாணமாகிப் போகும் வரைக்கும், வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படியைக் கழுவி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தது அவள். எந்த இடத்தில் மரம் பள்ளம், எந்த இடத்தில் சிலாம்பு குத்தும் என்று அவள் கைக்குத் தெரியும். சந்தேகம் எனக்குத்தான், அவளுக்கு ஒன்றும் இல்லை.

சவுரிராயனைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "வளவனூர் சைடு மேடம். ஆவணியில எடுத்தது. அண்ணந்தம்பி ரெண்டு பேரு. மனை போட்டு விக்கப் போறோம், சைட்ட ஜல்தியா கிளீன் பண்ணிக் குடுங்கன்னாங்க. மரம் கிரம் எதையும் நின்னு கூடப் பாக்கல" என்றார்.

பரிமளா படியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே செல்லை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். உரக்கடையில் நின்று நின்று சத்தமாகப் பேசியே பழகியவர் போலிருக்கிறது, அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"அண்ணா, சாப்ட்டியா? ஒண்ணுமில்ல, தீபாவளி வருதே, ஒரு நாள் ஊருக்குப் போய் நம்மூட்ல ஒரு வெளக்கு ஏத்தி வெச்சிட்டு வர்றனே?"

"இப்ப இன்னாத்துக்குமா அங்க? பூச்சி பொட்டு கெடக்கும். கொத்தனார வுட்டு வேல நடந்துக்கினு இருக்குது. முடிச்சிட்டு நானே வந்து அழைச்சிக்கினு போறேன்."

"கதவு நல்லா இருக்குதாண்ணா?"

"கதவுக்கு இன்னா, கல்லாட்டம் இருக்குது. வெச்சிடட்டா? கடையில ஆள் நிக்கிது."

வைத்துவிட்டார். அவள் செல்லை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதிரே கிடந்த ஜன்னல் சட்டங்களைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே வண்டியை விழுப்புரத்துக்குத் திருப்பி அந்த ஆளை அவர் கடை வாசலிலேயே வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், தெரியும். எனக்கும் ஒரு தம்பி உண்டு. ஆனால் இல்லாத கதவைக் கல் மாதிரி இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

திரும்பும் வழியில்தான் சொன்னாள். அம்மா காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வந்து, விழுப்புரத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடு என்று கேட்டிருக்கிறார்கள். சட்டப்படி அவளுக்கும் சமபங்கு உண்டு என்று ராஜசேகர் கத்தியிருக்கிறார். இவள் கேட்கவில்லை. போய்ப் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"பங்கு கேட்டா பொறந்த வூடு போயிடும்க்கா. எங்கூர்ல எல்லாம் பாத்திருக்கேன். கேஸ் போட்ட பொண்ணுங்க நல்லது கெட்டதுக்குக் கூட போவ முடியாது. பங்கு போனா போவுது, போய் நிக்க ஒரு வாசல் இருந்தா போதும்னுதான் போட்டேன். வூட்ட மட்டும் இடிக்காதீங்கன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ரெண்டு பேரும் அம்மா படத்து மேல கைய வெச்சி சரின்னானுங்க."

மேடம் போய் அக்கா வந்துவிட்டதை நான் கவனித்தேன்.

"வேற கதவு பாத்துக்கலாம்" என்றேன்.

"இல்லக்கா. இதுதான் வேணும்."

"தெனமும் அதப் பாத்துப் பாத்து வெந்துக்கினு இருக்கணுமா?"

"நான் பாக்கறதுக்கு இல்ல. அவனுங்க பாக்கணும்" என்றாள். "புதுமனை புகுற அன்னிக்கு சீர் எடுத்துக்கினு வருவானுங்க இல்ல? இதத் தாண்டித்தான் உள்ள வரணும். பாத்துட்டு, என் மொகத்த ஒரு தடவ பாத்தா போதும். மன்னிச்சிக்கோன்னு கூட சொல்ல வேணாம். தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சா போதும், நான் வுட்டுருவேன். பொறந்த வூடு இல்லன்னு ஆயிடக் கூடாதுக்கா எனக்கு."

கணவருக்கும் மாமியாருக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். ராஜசேகர் அன்றைக்கே சொன்னேனே என்பார். குப்பம்மாள் அதற்கு மேல். பிறந்த வீட்டில் நாதியில்லாதவள் என்று தெரிந்தால் புகுந்த வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூட அதற்கொரு பேச்சு வரும். இது எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கதவு திண்டிவனத்துக்கு வந்தது. ஆசாரி சகாயராஜ் பார்த்த உடனே கீழ்ப்படி ஒட்டைப் பெயர்த்துவிட்டுப் புதுத் தேக்கு வைக்கலாம் என்றார். தொடக்கூடாது என்றேன். சரி, மெஷின் போட்டு இழைக்கவாவது இழைக்கிறேன் என்றார். கீழ்ப்படியில் மெஷின் படக்கூடாது, எண்ணெய் மட்டும் பூசுங்கள் என்றேன். வாழ்நாளில் இப்படி ஒரு மேடத்தைப் பார்த்ததில்லை என்கிற மாதிரி பார்த்தார். மற்ற இடமெல்லாம் பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மரத்தின் சொந்த நிறத்துக்குக் கொண்டுவந்தோம். அந்தக் காலத்து நிலை உயரம் குறைவு. பழைய வீட்டில் எல்லோரும் குனிந்துதான் நுழைந்திருப்பார்கள். ராஜசேகர் குனிய மாட்டார். அதனால் நிலையின் கால்களையும் கதவையும் வெட்டி, மரம் சேர்த்து உயர்த்தினோம். ஒட்டு தெரியாமல் செய்தார் சகாயராஜ்.

வாசக்கால் வைக்கிற அன்று மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து நிலையின் உச்சியில் கட்டியது பரிமளாதான். குப்பம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதுக்கு முன்னாடி எவ பொட்டு வெச்சாளோ, அவ வயிறெரிஞ்சிக்கினு இருப்பா" என்றார். பரிமளா முடிச்சை இறுக்கிவிட்டு இறங்கினாள்.

தீபாவளிக்கு அண்ணன் வந்து புடவையும் ஸ்வீட் பாக்ஸும் வைத்துவிட்டுப் போனார். அப்போது வாசலில் சாரம் கட்டித் தார்ப்பாய் போட்டிருந்தோம், பக்கத்து வழியாக வந்து போய்விட்டார். வீட்டைப் பற்றி இவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

தை மாதம் வளர்பிறையில் நாள் குறித்தார்கள். பால் காய்ச்சுவது ஏழரைக்குள். நான் முன்னாலேயே போய் விளக்குகளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் வாழைமரம், நாதஸ்வரம் ஸ்பீக்கரில். ராஜசேகர் பட்டு வேட்டியில் கதவுக்குப் பக்கத்திலேயே நின்று வருகிறவர்களை எல்லாம் ஆட்டிக்கொண்டிருந்தார். "செவன்ட்டி, எய்ட்டி இயர்ஸ் இருக்கும் சார். தேடித் தேடிப் புடிச்சேன்." அவர் கிளியனூருக்கு வந்ததே கிடையாது.

எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுச் சீர் வந்தால்தான் பால் பொங்கும். அண்ணன் தம்பி கொண்டுவரும் புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்துதான் வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைப்பாள். பரிமளா கூடத்தில் வாசலுக்கு நேர் எதிரே, வேறு எங்கும் நகராமல் நின்றாள். குளித்த தலை ஈரம் காயவில்லை. நான் பக்கத்தில் போய், "உக்காரேன்" என்றேன். "வர்றாங்கக்கா" என்றாள்.

வந்தார்கள். அண்ணன் அப்பாதுரை முன்னால், வெள்ளைச் சட்டை, கையில் புடவைத் தட்டு. பின்னால் அவர் மனைவி பழத்தட்டோடு. அதற்குப் பின்னால் தம்பி அரிபிரசாத், குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு. அண்ணன் படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். ராஜசேகருக்குக் கும்பிடு போட்டார், குப்பம்மாள் காலைத் தொட்டார்.

தம்பி நல்ல உயரம். வாசலுக்கு வந்தவன் நிலைக்குக் கீழே சட்டென்று தலையைக் குனிந்தான். குனிய வேண்டிய அவசியமே இல்லை, அவன் தலைக்கு மேல் ஒரு ஜாண் இடம் இருந்தது. பரிமளா என் கையைப் பிடித்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான், மேலே பார்த்தான், அந்தத் தாமரை மொட்டு வரிசையைக்கூடப் பார்த்தான். அவள் வாய் லேசாகத் திறந்தது.

"இடிச்சிடும்னு நெனச்சேன்" என்று சிரித்துவிட்டு விளக்கைக் கீழே வைத்தான். பிறகு ஏசி எந்தப் பக்கம் என்று கேட்டான்.

பிடித்திருந்த கையை அவள் விட்டாள்.

ராஜசேகர் அவருக்கே உரிய நேரத்தில் ஆரம்பித்தார். "மச்சான், கதவப் பாத்தீங்களா?" அப்பாதுரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்து, விரலை மடக்கிக் கதவில் ரெண்டு தட்டுத் தட்டினார். "கணீர்னு இருக்குது மச்சான். பர்மா தேக்கு. இந்தக் காலத்துல எவன் செய்வான் இத?" என்றார். அப்புறம் ராஜசேகர் என்னைக் காட்டி, இந்த மேடம்தான் டிசைன் என்றதும் அப்பாதுரை என்னிடம் வந்தார். "மேடம், விழுப்புரத்துல நானும் ஒரு வூடு கட்டினு இருக்கேன். எனக்கும் இதே மாதிரி ஒரு அந்தக் காலத்துக் கதவு ஏற்பாடு பண்ணிக் குடுங்களேன். வாசலப் பாத்தாலே பரம்பரை வூடுன்னு தெரியணும்."

நான் வாயைத் திறந்தால் அந்த வீட்டு விசேஷம் அங்கேயே முடிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பரிமளா வந்தாள்.

"அண்ணா, இது தெரியலியா உனக்கு?"

"இன்னாது?"

"இந்தக் கதவு."

"ஏன், நல்லாத்தாம்மா இருக்குது."

"நம்மூட்டுக் கதவுண்ணா."

அவர் சிரித்தபடியே அவளைப் பார்த்தார், பிறகு சிரிப்பு நின்றது. "சும்மா இரு. எல்லாப் பழைய கதவும் இப்பிடித்தான் இருக்கும்" என்றார். குரல் இறங்கிவிட்டது. அவள் கீழே குந்தி, கோலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே அந்தப் பூவரச ஒட்டைக் காட்டினாள். "அப்பா வெச்சது" என்றாள்.

அப்பாதுரை தட்டோடு குனிந்தார். நன்றாகப் பார்த்தார். ஒட்டைத் தடவினார், நிமிர்ந்து மேல் சட்டத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கண்கூடக் கலங்கிய மாதிரி இருந்தது. எனக்கே ஒரு கணம் மனசு இளகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். பரிமளா அவர் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, குந்தியபடியே காத்திருந்தாள். இதற்காகத்தான் ஐப்பசியிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"திருட்டு நாயி" என்றார் அப்பாதுரை. "பூச்சி அரிச்சது, ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு சொல்லி வெறகு வெலைக்கு இல்ல தூக்கிக்கினு போனான்! டேய் அரி, இங்க வந்து பாருடா. அந்த செட்டுக்காரன் நம்மள எப்பிடி ஏமாத்தியிருக்கான் பாரு."

தம்பி வந்து பார்த்தான். "அப்பவே சொன்னேன், ரெண்டு எடத்துல வெசாரிக்கலாம்னு" என்றான்.

பரிமளா எழுந்து நின்றாள். முழங்காலில் கோலமாவு ஒட்டியிருந்தது, தட்டிவிட்டாள். "ஏழரை ஆவப் போவுது, புடவைய மாத்திக்கினு வா" என்று உள்ளேயிருந்து குப்பம்மாள் கூப்பிட்டார். அண்ணன் கையில் இருந்த தட்டை அவள் பார்த்தாள். அரக்கு நிறப் பட்டு, மேலே பூ, எலுமிச்சம்பழம்.

"அத எடுத்துக்கினு போயிடுண்ணா" என்றாள்.

"இன்னாது?"

"சீர் வேணாம். கொண்டு போயிடு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அண்ணி, "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது" என்று ஆரம்பித்தாள். குப்பம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்று எல்லோரையும் ஒவ்வொருத்தராகப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார். அந்த அம்மாள் என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது, உள்ளே திரும்பிப் போனார். ராஜசேகருக்குத்தான் எல்லாம் மெதுவாக ஏறியது.

"இரு, இரு. இது நெசமாலுமே உங்கூட்டுக் கதவா? ஒரிஜினலா?" என்றார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். "இத ஏண்டி முன்னாடியே சொல்லல? அடடா, இதச் சொல்லியே காட்டியிருக்கலாமே எல்லாருக்கும்!"

பரிமளா அவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். காலையில் கட்டியிருந்த அதே சாதாப் புடவையோடு அடுப்பைப் பற்றவைத்தாள். திண்டிவனத்தில் அவளே போய் எடுத்துக்கொண்ட புடவை. பால் பொங்கியது. யாரோ மணி அடித்தார்கள். பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் பொங்கிய பாலை எல்லோரும் டம்ளரில் வாங்கிக் குடித்தார்கள். அவள் மட்டும் குடிக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்று, இனி தனக்குப் போவதற்கு ஓர் இடம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட முகத்தோடு, வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் அவர்கள் கார் கதவு திறந்திருந்தது. தட்டுகளை எல்லாம் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இந்த அவமானத்தை யாரிடம் சொல்வது என்று யாரிடமோ செல்லில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பாதுரை வேகமாக வந்தார். தங்கையிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்து நின்றேன். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவர்.

"மேடம்" என்றார் குரலைத் தாழ்த்தி, "அந்த செட்டுக்காரன் நம்பர் இருக்குதா உங்ககிட்ட?"

கொடுத்தேன். அவர் கேட்டது அது ஒன்றுதான்.